45 எழுத்துச் சொல்: எங்கே அறுப்பது, எங்கே மூச்சு விடுவது?

மாரிக்குப்பம் வண்டி · ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். பெரியவள் எட்டாவது படிக்கிறாள். பிப்ரவரி 28, அறிவியல் தினத்துக்கு அவள் பள்ளியில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் வரும் மிக நீளமான சொல்லை மேடையில் ஏறித் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். 45 எழுத்து. ஆங்கிலத்தில் pneumonoultramicroscopicsilicovolcanoconiosis, தமிழில் எழுதினால் இப்படி வருகிறது:

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்.

மனப்பாடம் செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று பள்ளியில் ஐந்தைந்து எழுத்தாக ஒன்பது துண்டு போட்டுத் தாளில் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாலு நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். "ப்னியூம், ஒனௌல், ட்ராமி, க்ராஸ்க், ஆபிக்ஸ், இலிக்கோ, வால்கா, நோகான், அயோசிஸ்." துண்டு துண்டாகச் சரியாகச் சொல்கிறாள், சேர்த்துச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் தடுக்குகிறது. நேற்று அழுதுவிட்டாள்.

இதை எங்கே பிரிக்க வேண்டும்? முதலில் வரும் 'ப்' உச்சரிக்க வேண்டுமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இந்தச் சொல் சரியாக வர வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

---

காப்டர் பார்வை · ஞாயிறு, இரவு 9.48

மேடம், அந்தத் தாளை முதலில் மடித்து வைத்துவிடுங்கள். ஐந்தைந்தாக வெட்டினால் ஒரு துண்டுக்கும் அர்த்தம் இருக்காது. அர்த்தம் இல்லாததை நாக்கு எப்படி ஞாபகம் வைக்கும்? 'சிலிக்கோ'வின் முதலில் இருக்கிற 's' எழுத்தைக் கழற்றி முந்தின துண்டோடு ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் பாப்பா 'ஆபிக்ஸ், இலிக்கோ' என்கிறாள்.

இந்தச் சொல்லில் ஆறு பகுதி இருக்கிறது.

நியூமோனோ: கிரேக்கத்தில் நுரையீரல். அல்ட்ரா: லத்தீன், 'அப்பாற்பட்ட'. மைக்ரோஸ்காபிக்: மிக்ரோஸ் என்றால் சிறியது, ஸ்கோபெயின் என்றால் பார்ப்பது, இரண்டும் கிரேக்கம். சிலிக்கோ: சிலெக்ஸ் என்ற லத்தீன் சொல், சிக்கிமுக்கிக் கல். வால்கேனோ: ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கானுஸ் பெயரிலிருந்து வந்த எரிமலை. கோனியோசிஸ்: கோனிஸ் என்றால் தூசி, ஓசிஸ் என்றால் ஒரு நிலை அல்லது நோய். இதுவும் கிரேக்கம்.

நுரையீரலில், நுண்ணோக்கியிலும் தெரியாத அளவு பொடியான, சிலிக்கா கலந்த எரிமலைத் தூசி படிந்து வரும் நோய். பாப்பாவுக்கு இந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். நம் வாக்கியத்திலும் நுரையீரல்தான் முன்னால் வருகிறது, நோய்தான் கடைசியில் வருகிறது. வரிசை அவளுக்குத் தானாகப் பிடிபடும்.

'ப்' பற்றி. கிரேக்கர்கள் 'ப்ன்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'ப்' கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் சொல்லின் தொடக்கத்தில் அது ஊமை. ஆனால் முன்னால் ஓர் உயிரெழுத்து வந்துவிட்டால் ஆங்கிலத்திலும் சில சொற்களில் அந்த 'ப்' உயிர்த்துக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை 'ஸ்லீப் அப்னியா' என்கிறோமே, அதில் இருப்பது மூச்சைக் குறிக்கும் இதே வேர்தான். அங்கே 'ப்' நன்றாகக் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. எங்கள் வீடு மாரத்தஹள்ளிப் பக்கம். எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் போகும். உலகமே அதை 'ஹெலி, காப்டர்' என்று வெட்டுகிறது. ஆனால் கிரேக்கத்தில் அது 'ஹெலிக்கோ, ப்டெரோன்': சுருள், சிறகு. சிறகோடு பறந்த பழங்கால ஊர்வன 'டெரோடாக்டைல்' தெரியும் அல்லவா? அதன் முதலில் இருப்பதும் அதே சிறகு. சொல் முதலில் வருவதால் 'ப்' ஊமையாகிவிட்டது. ஹெலிகாப்டரில் நடுவில் வருவதால் கேட்கிறது. சுழலும் இறக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'ப்' ஞாபகம் வரும்.

பி.கு.: நியூமேட்டிக் என்பதும் இந்தக் குடும்பம்தான். நியூமா என்றால் காற்று, மூச்சு. லாரி பிரேக்கில் காற்று சீறும் சத்தமும் நுரையீரலும் சொல்லளவில் சொந்தக்காரர்கள்.

---

ஹலசூர் தமிழாசிரியர் · திங்கள், காலை 6.15

அம்மா, முந்தைய பதிவர் பொருள் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மிகச் சரி. ஆனால் பிள்ளை அழுவதற்குக் காரணம் பகுதிகள் அல்ல, பகுதிகள் ஒட்டும் இடங்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். 'னோ'வுக்கும் 'அல்'லுக்கும் நடுவில் தடுக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே ஓர் உயிர் முடிந்து இன்னோர் உயிர் தொடங்குகிறது. ஓ, அ. நம் மொழி இரண்டு உயிர்களை அப்படி அருகருகே நிற்க விடாது, நடுவில் ஒரு மெய்யைக் கொண்டுவந்து உடம்படுத்தும். நன்னூல் சொல்கிறது: "இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்". ஓகாரத்துக்குப் பின் வகரம் வரும். ஆகவே 'நியூமோனோ அல்ட்ரா' என்று நிறுத்தித் திணற வேண்டாம். 'நியூமோனோவல்ட்ரா' என்று சொல்லச் சொல்லுங்கள். வகரத்தை மெல்லத் தொட்டுப் போனால் போதும், ஆங்கிலக் காதுக்கும் அது பிழையாகக் கேட்காது. ஆங்கிலேயர்களும் ஓகாரத்துக்குப் பின் உதட்டைக் குவித்துத்தான் அடுத்த உயிருக்குப் போகிறார்கள்.

கடைசிப் பகுதியில் இகரத்துக்குப் பின் ஓகாரம். கோனி, ஓசிஸ். இகரத்தின் வழி யகரம். நாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே 'கோனியோசிஸ்' என்று எழுதிவிட்டோம் பாருங்கள். இரண்டு உடம்படுமெய்யும் இந்த ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. முப்பத்தொரு ஆண்டு இந்தச் சூத்திரத்தை 'மணியழகு, திருவருள்' என்று சொல்லியே நடத்தினேன். இனி ஒரு புது எடுத்துக்காட்டு கிடைத்தது.

---

இரவு ஷிப்ட் · திங்கள், காலை 8.05

அக்கா, டூட்டி முடிஞ்சு பஸ்ல வர்றேன், அதான் சுருக்கமா. நான் நர்ஸ். நாங்க யாரும் இந்த முழுச் சொல்லைச் சொல்றதில்ல. கேஸ் ஷீட்ல சிலிக்கோசிஸ்னுதான் எழுதுவாங்க.

ஆனா அழுத்தம் எங்கன்னு சொல்ல முடியும். 'ஓசிஸ்'னு முடியுற பேர் எதுவா இருந்தாலும் அழுத்தம் அந்த ஓ மேலதான். சிரோசிஸ், டியூபர்குலோசிஸ், ஸ்கோலியோசிஸ் எல்லாமே அப்படித்தான். பாப்பா 45 எழுத்தும் ஓடி வந்து கடைசில 'ஓ'ல ஊணி நிக்கணும். நடுவுல சின்ன அழுத்தம் 'ஸ்கா'லயும் 'கே'லயும் வரும். மத்ததெல்லாம் லேசா போகட்டும். நம்ம பிள்ளைங்க தமிழ்ப் பழக்கத்துல ஒவ்வொரு துண்டோட முதல் எழுத்தையும் அடிச்சுச் சொல்லும், அதுலயே மூச்சு போயிரும்.

---

வேகவாசகன் · திங்கள், மதியம் 1.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இது உண்மையான மருத்துவச் சொல்லே அல்ல. 1935ல் அமெரிக்காவில் புதிர் விளையாட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்றே கோர்த்த சொல். பத்திரிகையில் வந்தது, அகராதியில் ஏறியது, அவ்வளவுதான். கிரேக்கமும் லத்தீனும் கலந்த இந்தச் சொல்லுக்காக ஒரு குழந்தை நாலு நாள் அழ வேண்டுமா? போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் உருப்படியாக வேறு ஏதாவது படிக்கட்டும்.

---

மாரிக்குப்பம் வண்டி · திங்கள், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. வேகவாசகன் சார், நீங்கள் சொன்ன வரலாறு எனக்குத் தெரியாது. அதற்கும் நன்றி. ஆனால் விலக்க மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். என் பெயருக்குப் பதில் வைத்திருக்கிற 'மாரிக்குப்பம் வண்டி' நாங்கள் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோன ரயில். அப்பா சுரங்கத்தில் டிரில் போட்டவர். ஆழத்தில் பாறையில் துளை போடும் வேலை. வெள்ளைக் கல்லில்தான் தங்கம் ஓடும், அந்தக் கல்லைத்தான் துளைக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது காது மடல், புருவம் எல்லாம் மாவு பூசினதுபோல இருக்கும். அம்மா வாசலிலேயே தண்ணீர் வைத்திருப்பார்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடினார்கள். பிள்ளைகள் அறிவியல் தினம் கொண்டாடுகிற அதே தேதி. அப்போதே அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். நான் பத்தாவது முடித்திருந்தேன், எனக்கே புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே வந்ததும் அப்பா, "என்னம்மா சொன்னாரு?" என்றார். "ஏதோ சிலிக்கோ-ன்னு சொன்னாருப்பா" என்றேன். "அப்படின்னா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் போய்ப் பதினாறு வருடமாகிறது.

போன வாரம் பெரியவள் இந்தச் சொல்லைக் கத்தும்போது 'இலிக்கோ, இலிக்கோ' என்றே காதில் விழுந்தது. தாளை வாங்கி எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது அப்பாவின் சொல். பிள்ளைகளுக்குப் போட்டிக்கான சொல்லாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதைச் சரியாகச் சொல்ல ஒருத்தியாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

காப்டர் பார்வை சார், உங்கள் பின்குறிப்பைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா போட்டதும் காற்றில் ஓடுகிற டிரில்தான். நியூமேட்டிக் டிரில்.

---

வேகவாசகன் · திங்கள், இரவு 10.34

அக்கா, தெரியாமல் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். பாப்பா கண்டிப்பாகக் கலந்துகொள்ளட்டும்.

---

காப்டர் பார்வை · திங்கள், இரவு 11.02

மேடம், உங்கள் பதிவைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

நேற்று 'வால்கேனோ' எழுதும்போது, இது ஒன்றுதான் நம் ஊருக்கு ஒட்டாத பகுதி என்று நினைத்தேன். ஒட்டுகிறது. உங்கள் தங்கவயலைச் சுற்றியிருக்கும் கரும்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்தது. தலையணை அடுக்கினதுபோல உறைந்த அந்தப் பாறைகள் பெத்தபள்ளி பக்கத்தில் இருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவற்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பாறையின் பிளவுகளில் பிற்பாடு ஏறியதுதான் நீங்கள் சொல்கிற வெள்ளைக் கல், குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. உங்கள் அப்பாவின் புருவத்தில் படிந்த மாவில் அதுவும் இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த மாவு தும்மினால், இருமினால் வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கும். 'அல்ட்ராமைக்ரோஸ்காபிக்' என்ற பகுதிக்கு அதுதான் பொருள்.

---

ஹலசூர் தமிழாசிரியர் · செவ்வாய், காலை 5.50

அம்மா, நேற்று இரவே உங்கள் பதிவைப் படித்தேன். பதில் எழுத வார்த்தை வரவில்லை. நான் செய்யக்கூடியதைச் செய்கிறேன் என்று விடியற்காலையில் பேனாவை எடுத்தேன்.

இந்தச் சொல்லை அலகிட்டு, அதாவது செய்யுளைப்போல அசை அசையாகப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலக் கணக்கில் 19 அசை. நம் கணக்கில் 17. 'சிலிக்' என்பதும் 'னியோ' என்பதும் ஆங்கிலத்தில் இரண்டிரண்டு. நமக்குக் குறிலிணைந்தும் குறில்நெடில் இணைந்தும் வருவது ஒரே நிரையசை. அந்த 17 அசையும் முந்தைய பதிவர் பிரித்த ஆறு பகுதிகளில் அப்படியே ஆறு சீராக அமர்கின்றன. நானே எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு சீரும், அதன் ஓசையைக் காட்டும் வாய்பாடும் இவை:

நியூமோனோ – புளிமாங்காய்
வல்ட்ரா – தேமா
மைக்ரோஸ்காபிக் – தேமாந்தண்பூ
சிலிக்கோ – புளிமா
வால்கேனோ – தேமாங்காய்
கோனியோசிஸ் – கூவிளங்காய்

பிள்ளைக்கு முதலில் வாய்பாட்டைச் சொல்லிக்கொடுங்கள். கையால் தொடையில் தட்டி, "புளிமாங்காய் தேமா தேமாந்தண்பூ, புளிமா தேமாங்காய் கூவிளங்காய்." மூன்றாம் சீர் முடிந்ததும் ஒரு மூச்சு. பத்துத் தடவை சொன்னால் ஓட்டம் உடம்பில் ஏறிவிடும். அப்புறம் அதே ஓட்டத்தில் கிரேக்கத்தை ஊற்றலாம். எட்டாம் வகுப்பில் தமிழ் படிக்கிறாளா? படிக்காவிட்டாலும் பாதகமில்லை, மாங்காய் தெரிந்தால் போதும்.

---

காப்டர் பார்வை · செவ்வாய், காலை 9.15

ஐயா, அற்புதம். ஆபீஸ் வண்டியில் தட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒரே ஒரு ஐயம். மூன்றாம் சீரை நீங்கள் 'மைக், ரோஸ், கா, பிக்' என்றுதானே அலகிட்டிருப்பீர்கள்? 'ஸ்' அடுத்த பகுதிக்குச் சொந்தம். மைக்ரோ, ஸ்கோப். 'ரோஸ்' என்று சொல்லிப் பழகினால் பார்ப்பது என்ற பொருளின் தலை போய்விடுமே? பள்ளித் தாளில் 's' எழுத்தைக் கழற்றினது தப்பு என்றால் இதுவும் தப்புதானே?

---

ஹலசூர் தமிழாசிரியர் · செவ்வாய், பகல் 11.40

நல்ல கேள்வி. பொருள் ஓரிடத்தில் முடிய, ஓசை வேறோரிடத்தில் அறுப்பதை யாப்பில் வகையுளி என்பார்கள். குறளின் இரண்டாம் பாட்டைப் பாருங்கள். "கற்றதனா லாய பயனென்கொல்". கற்றதனால், ஆய என்பதுதான் பொருள். லகர மெய் முதல் சொல்லுக்குச் சொந்தம், ஆனால் சீர் பிரிக்கும்போது அடுத்த சீருக்குப் போய்விட்டது. "உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே" என்று நன்னூலார் விதி சொல்லும்போது அவருடைய வரியே அப்படி அறுபட்டு நிற்கிறது. யாரும் அதைப் பிழை என்று சொல்வதில்லை. வாய் ஓசையில் அறுக்கும், மனம் பொருளில் சேர்க்கும். இரண்டு கணக்கும் தெரிந்தவருக்குக் குழப்பம் இல்லை.

பள்ளித் தாளில் நடந்தது வேறு. அது ஓசையிலும் அறுக்கவில்லை, பொருளிலும் அறுக்கவில்லை. எழுத்தை எண்ணி அறுத்தது.

ஆனாலும் நீங்கள் சொன்ன 'ஸ்' விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். சொல் முதலில் தனி மெய் நிற்பது நமக்குப் பழக்கமில்லை, அதனால் நம் நாக்கு அதை முந்தின எழுத்தின் மேல் சாய்க்கிறது. ஆங்கிலத்தில் பேசும் மேடை ஆகையால் 'மைக்ரோ' என்று ஒரு நூலிழை நீட்டி 'ஸ்கா'வில் ஏறட்டும். நர்ஸ் அம்மா சொன்ன சின்ன அழுத்தமும் அங்கேதான் விழுகிறது. அசைக் கணக்கு மாறாது.

ஒரு சிறு செய்தி. நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் கேட்டு எழுதுவித்த சீயகங்கன் கங்க மரபினன். கங்கர்களின் பழைய தலைநகர் கோலார். உங்கள் ஊர்ப் பக்கம்தான், அம்மா.

---

இரவு ஷிப்ட் · செவ்வாய், இரவு 7.20

அக்கா, ஒன்னே ஒன்னு. வேகமா சொல்லணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. எங்க வார்டுல மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுக்கும்போது நாங்க சொல்றது: இழுக்கிற நேரத்தைவிட விடுற நேரம் நீளமா இருக்கணும். பாப்பா ஒரு தடவை நல்லா இழுத்து மூணு சீரை அந்த மூச்சு விடுறதுலயே சொல்லட்டும். திரும்ப இழுத்து மிச்சம் மூணு. தாராளமா போதும்.

அப்பாவைப் பத்திப் படிச்சேன். அந்த மாதிரி எக்ஸ்ரேவை நான் கையில பிடிச்சிருக்கேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா.

---

மாரிக்குப்பம் வண்டி · மார்ச் 1, இரவு 8.45

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. நேரம் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள், வேகமாகச் சொன்ன ஒரு பையனுக்குப் போனது. இவள் நடுவில் ஒரு மூச்சு எடுத்து, எழுத்துக்கு எழுத்து தெளிவாகச் சொன்னாள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் கை பாவாடைமேல் தட்டிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. புளிமாங்காய், தேமா.

வீட்டுக்கு வந்ததும் அவளே கேட்டாள், தாத்தாவின் எக்ஸ்ரேயைக் காட்டு என்று. பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பழுப்புக் கவரில் இருக்கிறது. அம்மா எடுத்துக் கொடுத்தார். டியூப்லைட் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அறிக்கையை வாசித்தாள். சிலிக்கோசிஸ் என்ற சொல்லைத் தடுக்காமல் வாசித்து, பாட்டிக்கு 'கல்தூசி, பாட்டி' என்றாள். நியூமேட்டிக் பற்றியும் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த மெஷினுக்கும் நெஞ்சுக்கும் ஒரே பேரா?" என்று கேட்டார். "ஒரே வேர், பாட்டி" என்றாள்.

அறிக்கையின் அடுத்த வரியில் ஃபைப்ரோசிஸ் என்று இருந்தது. நான் இங்கே வந்து உங்களிடம் கேட்கலாம் என்று போனை எடுப்பதற்குள் அவளே விரலை வைத்து அறுத்துவிட்டாள். ஃபைப்ரோ. ஓசிஸ். ஓ-வில் ஊன்றி.